தொண்ணூறு மில்லி

வரமாட்டேன் என்கிறது. மூன்று பாட்டில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, மூன்றின் மூடியையும் அவனே திருகித் திறந்தான், டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் உள்ளே போன தண்ணீர் உடம்பில் எந்த மூலையில் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. தொண்ணூறு மில்லி, அவ்வளவுதான் கேட்கிறார்கள். ஒரு டம்ளர் காப்பி அதைவிட அதிகம். ஸ்தெபான் ருடாக், பெலாரூஸ்காரன், வயது முப்பத்தைந்து, ஒன்பது நாடுகளில் பதினொரு கிளப்புக்குப் பந்து உதைத்தவன், இப்போது சென்னை அணியின் ஃபார்வர்டு, ஸ்டேடியத்துக்கு அடியில் ஃபினாயில் வாடை அடிக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றுக்குக் காத்திருக்கிறான். சிரிப்புத்தான் வரும். அவனுக்கும் முதல் கால்மணி நேரம் சிரிப்பு வந்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியிலும் சீட்டுப் போட்டு அணிக்கு இருவரை எடுப்பார்கள், ஊக்க மருந்துப் பரிசோதனைக்கு; மற்ற மூன்று பேரும் வந்தார்கள், கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், போய்விட்டார்கள். வெயிலில் தொண்ணூறு நிமிஷம் ஓடின உடம்பில் ஈரம் ஏது என்று அவர்களும்தான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இவனிடமிருந்து ஒருமுறை நாற்பது மில்லி வந்தது. போதாது என்று அதை மூடி, முத்திரை வைத்து, எண் எழுதி மேசை ஓரத்தில் வைத்துவிட்டார் டாக்டர் சுகிர்தா, மீதி வரட்டும் என்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அவசரமில்லை, இரவு வரைக்கும் இருக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கலக்கியது.

மேசைமேல் அந்த நாற்பது மில்லிக்குப் பக்கத்தில் படிவம். காத்திருக்கும் நேரத்தில் நிரப்பிவிடுங்களேன் என்று டாக்டரம்மாதான் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி, விளையாட்டு, அணி, எல்லாம் எழுதியாயிற்று. அதற்குக் கீழே, கடந்த ஏழு நாட்களில் எடுத்துக்கொண்ட மருந்துகள், மாத்திரைகள், ஊசிகள். நான்கு கோடுகள். முதல் கோட்டில் வைட்டமின் என்று எழுதினான், இரண்டாவதில் வலி மாத்திரையின் பெயர். மூன்றாவது காலி. அதை அவன் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்க்கிறான், சுவரில் ஒட்டிய அறிவிப்பைப் பார்க்கிறான், தன் வலது முட்டியைப் பார்க்கிறான். முட்டி வலிக்கவில்லை. பதினாலு மாசத்தில் முதல் முறையாக ஆட்டம் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்தும் வலிக்கவில்லை, இருபது வயதுப் பையனின் முட்டி போல அமைதியாக இருக்கிறது, அந்த அமைதிதான் பயமுறுத்துகிறது. திங்கட்கிழமை சாயங்காலம் புரசைவாக்கத்தில் ஒரு கடை மாடியில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கிளினிக்கில், முட்டிக்குள் இறக்கிய ஊசி. ஸ்டீராய்டு. கூட்டிக்கொண்டு போனது யார் என்றால் இதோ எதிரே, அணியின் பிரதிநிதி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு முழங்கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருக்கும் மசாஜ்காரர் தேசிங்கு. அப்போது ஆட்டம் அடுத்த புதன்கிழமை என்று இருந்தது. தேசிங்கு விரல் விட்டு எண்ணிச் சொன்னார், ஒன்பது நாள் இருக்கிறது தம்பி, ஒரு வாரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும் என்று இந்த கிளினிக் டாக்டர் சொல்கிறார் என்று. வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் என்று அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது, புதன்கிழமை ஆட்டத்தை இந்தச் சனிக்கிழமைக்கே மாற்றிவிட்டார்கள். ஒன்பது நாள் ஐந்து நாள் ஆயிற்று. வயிறு சரியில்லை, ஆடமாட்டேன் என்று கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூன்று ஆட்டமாகப் பெஞ்சில் உட்கார்ந்தவன் எந்த வாயால் அதைச் சொல்வான்.

"ஸ்ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். தேசிங்குதான். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு, உதட்டைக் குவித்து, கைக்குழந்தையைக் காலில் உட்கார வைத்து ஒன்றுக்குப் போக வைக்கும் தாய்மாரின் அந்தச் சத்தத்தைக் கர்மசிரத்தையாக எழுப்பிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தாறு வயது மனுஷன், கபடி ஆட்டக்காரர்களின் தொடையெலும்பையே நிமிர்த்தியவர் என்று பேர். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கதவோரம் நிற்கும் மரியசூசை மட்டும் சிரிக்கவில்லை; ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர், வீரரைக் கண்ணிலிருந்து விடாமல் கழிவறை வரைக்கும் கூடவே போய் நின்று பார்ப்பது அவர் வேலை, ஆட்டம் முடிந்த நிமிஷத்திலிருந்து இரண்டு கையெட்டுத் தூரத்துக்கு மேல் அவர் விலகவில்லை. ஸ்தெபானுக்கு அந்தச் சத்தம் தெரியும். அம்மாவும் அதையேதான் செய்வாள், பாப்ரூய்ஸ்க் ஊரின் மரவீட்டில், பனிக்காலத்தில், வாளியின் மேல் அவனைப் பிடித்துக்கொண்டு. உலகம் பூராவும் ஒரே சத்தம்தான் போலிருக்கிறது. அம்மாவை நினைத்ததும் உள்ளே ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது, வருமோ என்று அரை நிமிஷம் மூச்சைப் பிடித்தான், அம்மாவுக்குப் பின்னாலேயே அப்பா வந்து நின்றார், உடனே எல்லாம் மறுபடி இறுகிப் போயிற்று. அப்பாவை இப்போது நினைக்கக் கூடாது. தண்ணீரை நினைக்க வேண்டும். நான்காவது பாட்டிலை எடுத்தான், ரொம்பக் குடித்தாலும் நீர்த்துப் போய்விடும், அப்புறம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்தார். குடித்தாலும் தப்பு, குடிக்காவிட்டாலும் தப்பு.

தண்ணீரை நினைத்தான். கஜகஸ்தானில், கரகண்டாவில் குழாயைத் திறந்தால் முதலில் துரு வரும், பிறகு பல்லைக் கூசவைக்கும் குளிர்; அங்கே இரண்டு சீசன், பத்தொன்பது கோல், ரசிகர்கள் அவன் பேரைப் பாட்டாகப் பாடினார்கள், மூன்றாவது சீசனில் மேனேஜர் மாறினார், பாட்டும் போயிற்று. மால்டோவாவில் மைதானத்துக்குப் பக்கத்தில் கிணறு. ஜார்ஜியாவில் மண் வாடை அடிக்கும் ஊற்று நீர். ஓமனில் குளிர்ந்த தண்ணீரே கிடையாது, குழாயில் வருவது வெந்நீர்தான், அங்கேதான் முதல் முறை முட்டி பிசகியது. வியட்நாமில் கணுக்கால் அளவு மழைத் தண்ணீரில் ஆடினார்கள், பந்து மிதந்தது. டாக்காவில் பெனால்டி அடிக்கும்போது மின்சாரம் போய், விளக்கு வரும்வரை இருபது நிமிஷம் பந்துக்கு முன்னால் நின்றான், விளக்கு வந்ததும் வெளியே அடித்தான். எல்லா ஊரிலும் ஒரே பெட்டி, ஒரே ஜோடி பூட்ஸ், எல்லா ஊரிலும் அந்த ஊர் மொழியில் பத்து வார்த்தை. தமிழில் அவனுக்குத் தெரிந்தது எல்லாம் மசாஜ் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு கற்றது: வலிக்குதா, இங்கயா, திரும்பு, மூச்ச இழு, போதும். அண்ணே என்ற சொல்லும் அப்படி வந்ததுதான், டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் தேசிங்கை அண்ணே என்றார்கள், அவனும் சொன்னான். எங்கே போனாலும் ஓர் ஊர் முடிந்தால் இன்னோர் ஊர் இருந்தது. இந்த ஊருக்கு அப்புறம் ஊர் இல்லை. யாரும் முப்பத்தைந்து வயது முட்டியை வாங்கமாட்டார்கள். கிளப் டாக்டர் ஆகஸ்ட் மாசமே சொல்லிவிட்டார், இன்னொரு முறை அந்த முட்டிக்கு ஏதாவது வைத்தியம் என்று காதில் விழுந்தால் ஒப்பந்தம் அதோடு சரி என்று. ஒப்பந்தம் இல்லையென்றால் விசா இல்லை. கையில் இருக்கும் பாஸ்போர்ட் அடுத்த மார்ச்சோடு காலாவதி, வெளிநாட்டில் புதுப்பித்துத் தரமாட்டார்கள், வேண்டுமானால் ஊருக்கு வா என்கிறார்கள். ஊருக்குப் போக முடியாது.

ஏன் போக முடியாது என்பதைத் தேசிங்குக்கு ஒருமுறை ஆங்கிலமும் சைகையுமாக விளக்கினான், அவருக்குப் புரிந்ததா தெரியாது. ஒரு கடிதம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஊரில் தேர்தல் முடிந்து, தெருவில் ஆட்களைப் போலீஸ் அடித்து இழுத்துப் போன அந்த ஆகஸ்டில், அடிப்பதை நிறுத்துங்கள் என்று விளையாட்டுக்காரர்கள் எழுதிய ஒரு கடிதம். இவன் எழுதவில்லை, கையெழுத்துப் போட்டான், நூற்றுக்கணக்கான பேரில் ஒரு பேர். இரண்டு வாரம் கழித்து ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். எதிரே இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார், ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு, என்ன கடிதம் என்று தெரியாமல் போட்டுவிட்டேன் என்று, அதற்கப்புறம் உன்னை யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்றார். அவனோடு ஆடிய ஏழு பேர் அந்த வரியை எழுதினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள். இவன் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இன்றுவரை அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது, வீரம் ஒன்றும் இல்லை, வெறும் எரிச்சல், தெரிந்து போட்ட கையெழுத்தைத் தெரியாமல் போட்டேன் என்று எப்படி எழுதுவது என்ற ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு மூன்று வருஷம் கழித்து அப்பாவின் அடக்கத்தை போனில் பார்த்தான். அக்கா போனைப் பிடித்திருந்தாள், அவள் கை நடுங்கியதில் சவப்பெட்டி ஆடிக்கொண்டே குழிக்குள் இறங்கியது, நடுவில் சிக்னல் போய்விட்டது, திரும்ப வந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள். அன்றைக்கு டாக்காவில் சாயங்காலம் பயிற்சி இருந்தது. போனான். இதையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது என்றுதானே முதலிலேயே முடிவு செய்தோம். கோட்டைப் பார். இல்லை, கோட்டைப் பார்க்காதே. காலியாக விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமல் போகலாம். பரிசோதனைக்கூடத்தில் ஆயிரம் பாட்டில், ஐந்து நாள் பழைய ஊசி, தென்படாமலே போகலாம். எழுதினால் என்ன ஆகும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. நாளைக் காலையில் கிளப்புக்குத் தெரியும், மத்தியானத்துக்குள் பெட்டி கட்டலாம். ஊசி எங்கே போட்டாய், யார் கூட்டிப் போனார்கள் என்று கேட்பார்கள். தேசிங்கு இருபது வருஷமாக இந்த வேலையை நம்பி இருக்கிறார்.

தேசிங்கு அவனைப் பார்க்கவில்லை. உள்ளே வந்ததிலிருந்து ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. பேச வேண்டியது அவருக்கும் இருக்கிறது, ஆனால் தமிழில் பேசினால் டாக்டரம்மாவுக்கும் மாஸ்டருக்கும் புரியும், ஆங்கிலத்தில் பேசினால் எல்லோருக்கும் புரியும், ஆக அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்கிறார். அந்தச் சத்தம் போகப்போக, எழுதாதே எழுதாதே என்று சொல்கிற மாதிரி இவனுக்குக் கேட்க ஆரம்பித்தது. அல்லது எழுது என்றா. அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்தது. எழுந்தான், மரியசூசை பின்னாலேயே வந்தார். கழிவறைக்குள் சட்டையை மார்பு வரைக்கும் தூக்கி, நிஜாரை முட்டி வரைக்கும் இறக்கி, கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் பிளாஸ்டிக் குவளையோடு நிற்க வேண்டும், அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். உலகத்தில் எத்தனையோ பேர் முன்னால் ஆடியாயிற்று, இந்த ஒரு மனிதர் முன்னால் உடம்பு மறுக்கிறது. குழாயைத் திறந்துவிட்டார் மாஸ்டர். வெளியே காற்று தகரத்தைத் தட்டியது. அவனை இளகவைக்க நினைத்தோ என்னவோ, அவர் மெல்ல, பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக, இன்றைக்கு அவன் அடித்த கோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுத்தவராம். வலப்பக்கம் வந்த பந்தை விட்டுவிட்டு, காவலனை முதுகில் வாங்கி, வலது காலை ஊன்றித் திரும்பி இடது காலால் அடித்தீர்களே, அந்தத் திருப்பத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை என்றார். சொல்லிவிட்டு அவன் வலது முட்டியைக் காட்டி உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். "இந்த வயசுல அந்த முட்டி எப்படி சார் தாங்குச்சு?"

வந்துவிட்டது. பயத்தில்தான் வந்தது, வேறென்ன சொல்ல, குவளை விளிம்பு வரை நிறைந்து விரலெல்லாம் நனைந்தது. மாஸ்டர், கடவுளே என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஸ்தெபான் அதைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பி நடந்தான். எப்படித் தாங்கியது. பதினொரு ஆட்டமாகக் கோல் இல்லை, இன்றைக்கு எழுபத்தோராவது நிமிஷத்தில் உடம்பு யோசிக்காமல் திரும்பியது, மின்ஸ்கில் இருபத்திரண்டு வயதில் திரும்பிய அதே திருப்பம், பந்து வலையில் விழுந்தபோது ஒரு நொடி அப்பா மைதானத்தின் ஓரத்தில் தொப்பியோடு நிற்பதாக நிஜமாகவே தோன்றியது. அது யார் அடித்த கோல்? அவனா, திங்கட்கிழமை ஊசியா? இந்தக் கேள்விக்கு எந்தப் பரிசோதனைக்கூடமும் பதில் எழுதி அனுப்பப்போவதில்லை. டாக்டரம்மா அளவைப் பார்த்தார், நூற்றுப் பத்து, பழைய நாற்பதோடு கலந்து இரண்டு பாட்டிலில் ஊற்றச் சொன்னார், மூடச் சொன்னார், மூடி திரும்பும்போது கடகடவென்று சத்தம் வந்தது, இனி அதை யாரும் உடைக்காமல் திறக்க முடியாது. பிறகு படிவத்தை அவன் பக்கம் திருப்பி, இதில் உள்ளதெல்லாம் உண்மை, முழுமை என்று ஒரு வரி இருக்கிறது, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். எழுதி வைத்துவிட்டால் பின்னால் விளக்கம் சொல்லவும் மருத்துவ அனுமதி கேட்கவும் ஒரு வழி இருக்கும், எழுதாமல் விட்டு அகப்பட்டால் அது வேறு கதை என்று பொதுவாகச் சொல்லி வைத்தார், எல்லோரிடமும் சொல்வதுதான். பேனா கையில் இருந்தது. ஒரே ஒரு வரி. அன்றைக்கு அந்த ஆள் கேட்டதும் ஒரே ஒரு வரிதான், தெரியாது என்று. இப்போது இந்தக் கோட்டைக் காலியாக விட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதானே எழுதுவதாக அர்த்தம்? இதை அன்றைக்கே எழுதியிருக்கலாமே. எழுதியிருந்தால் அப்பாவைத் தூக்கித் தோளில் சுமந்திருக்கலாமே. அப்படியென்றால் இந்த ஐந்து வருஷம் எதற்கு? கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம், அந்தக் கோபம் ஆறுவதற்குள் மூன்றாவது கோட்டில் ஊசியின் பெயரை எழுதிவிட்டான். தேதி, வலது முட்டி. கை எழுதி முடித்த பிறகுதான் பயம் முழுசாக வந்து உட்கார்ந்தது.

டாக்டரம்மா படித்தார். முகம் மாறவில்லை, கண்ணாடியை மட்டும் சரிசெய்துகொண்டார். கிளப் டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. யார் ஏற்பாடு செய்தார்கள் என்று கேட்டார். நானே, தனியாகப் போனேன் என்றான். சொல்லும்போது தேசிங்கின் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஓரக்கண்ணில் தெரிந்தது: ஸ்ஸ்ஸ் நின்றுவிட்டது, காலி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலிக்கடியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஸ்தெபானுக்கு அது வலித்தது, சொல்ல வேண்டும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, சொல்லியிருந்தால் மறுத்திருப்பான், இருந்தாலும் வலித்தது. டாக்டரம்மா குறித்துக்கொண்டு கடைசிக் கட்டத்தைப் பேனாவால் காட்டினார். முடிவு வர ஐந்தாறு வாரம் ஆகும், அது உங்களுக்கு மட்டும் வரவேண்டிய கடிதம், கிளப் விலாசம் வேண்டாம், அப்போது எங்கே இருப்பீர்களோ அந்த விலாசத்தை எழுதுங்கள் என்றார். அவன் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தான். இப்போது இருக்கும் ஃப்ளாட் கிளப்புடையது, வருகிற திங்கட்கிழமை சாவியைக் கேட்பார்கள். பாப்ரூய்ஸ்க் வீட்டு எண் கைக்குத் தானாக வந்தது, எழுதினால் அந்தக் கடிதத்தை அம்மா பிரிப்பாள், அவன் அங்கே இருக்கமாட்டான். வேறு விலாசம் யோசித்தான். ஒன்பது நாடு, பதினொரு கிளப், எந்த ஊரிலும் ஒரு கடிதம் போய்க் காத்திருக்கக்கூடிய ஒரு கதவு இல்லை. ஊசியின் பெயரை ஒரே மூச்சில் எழுதிய கை அந்தக் கட்டத்தின் மேல் அப்படியே நின்றது, பேனா மை ஒரு புள்ளியாக ஊறிக்கொண்டிருந்தது.

"எங்க வூட்டு அட்ரஸ போட்டுக்கோங்க மேடம்" என்றார் தேசிங்கு. குனிந்தபடியேதான் சொன்னார், கையில் ஒரு காலி பாட்டில். டாக்டரம்மா அவரைப் பார்த்தார், பிறகு மூன்றாவது கோட்டைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். நீங்கள் கிளப் ஆள்தானே, கிளப் சம்பந்தப்பட்ட விலாசம் வேண்டாம் என்று சொன்னேனே என்றார். தேசிங்கு நிமிர்ந்தார். அன்றைக்கு முதல் முறையாக ஸ்தெபானை நேராகப் பார்த்தார், கண் சிவந்திருந்தது. "திங்கக்கெழம கூட்டினு போனது நான்தாங்க. கிளப்புல இனிமே நான் இருப்பனோ மாட்டனோ. வூடு இருக்கும்." மரியசூசை கதவோரத்தில் தொண்டையைக் கனைத்தார். ஸ்தெபானுக்கு அதில் பாதிதான் புரிந்தது, பாதியே போதுமாக இருந்தது. தேசிங்கு கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினார், மூன்றாவது குறுக்குத் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, வியாசர்பாடி. அவன் ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தான், மூன்றாவது சொல்லில் கண்ணீர் மறைத்தது, வரி கோணலாக இறங்கியது. டாக்டரம்மா படிவத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து, மீதியைத் தேசிங்கிடம் கேட்டுத் தானே எழுதினார்.